கல்லில் நான் வாசிக்காமல் விட்ட வரி

திருவனந்தபுரத்தில் ஒரு காட்சிசாலை முற்றத்தில், ஜெர்மானியரிடமிருந்து பிடித்ததாகச் சொல்லப்பட்ட பீரங்கி ஒன்று நின்றது. அதன் பின்னால் சுவரில் ஒரு கறுப்புக் கல். பெரும்போரில் மாண்டவர்களின் பெயர்களை ஆங்கிலத்தில் வெட்டியிருந்தார்கள். கல்லின் அடிப்பகுதியைக் குரோட்டன்ஸ் தொட்டிகள் பாதி மறைத்திருந்தன. அதைப் பார்க்க என் மாமாவையும், அவர் மணக்கவிருந்த பெண்ணையும் நான்தான் அழைத்துப் போனேன். முப்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்திரண்டு வயது. நாகர்கோவிலில் ஒரு மிஷன் பள்ளியில் சரித்திர ஆசிரியனாகச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

மாமா என் அம்மாவின் தம்பி. போர் நாளில் பட்டாளத்துக்குச் சுமை தூக்கும் கூலிப்படைக்கு ஆள் எடுத்தபோது, பக்கத்து வீட்டு நண்பரோடு, இன்று ஈராக் என்கிற மெசபத்தோமியாவுக்குக் கப்பல் ஏறினார். துப்பாக்கி கொடுக்கவில்லை. பஸ்ரா துறைமுகத்தில் சரக்கு இறக்கினார்கள், ரயில் பாதைக்கு மண் வெட்டினார்கள். நண்பர் பேதியில் விழுந்து பதின்மூன்று நாள் கிடந்து இறந்தார். மாமாதான் மணலில் குழி வெட்டி அடக்கினார். ஈச்சம்பழப் பெட்டியின் பலகை ஒன்றில் கரியால் பெயரெழுதி நட்டதாகச் சொல்வார். அதற்கு மேல் அந்த ஊரைப் பற்றி எதுவும் சொல்லமாட்டார். சர்க்காரிடமிருந்து காகிதம் எதுவும் வரவில்லை. நண்பர் இறந்ததற்கு மாமாவின் வாய்ச்சொல்தான் சாட்சி.

நண்பரின் மனைவிக்கு அப்போது பதினெட்டு வயது. மிஷன்காரர்களுக்கு லேஸ் பின்னிக் கொடுத்துப் பிழைத்தாள். மாமா திருமணம் செய்துகொள்ளவில்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் அவள் வீட்டுக் கூரையை வருஷந்தோறும் வேய்ந்து கொடுத்தார், வாய்விட்டு ஒரு வார்த்தை கேட்காமலே. கடைசியில் போதகர்தான் இருவரிடமும் பேசினார். அவள் சம்மதித்தாள். அடுத்த ஞாயிறு சபைக் கோயிலில் திருமணத்தை அறிவிக்கும் கல்யாண ஓலை வாசிக்க வேண்டும். இன்னும் ஒரு மாதத்தில் எனக்கு அத்தையாக வேண்டியவள். அதுவரை அக்கா என்றே அழைத்தேன். அவள் கேட்டது ஒன்றுதான். போரில் செத்தவர்களுக்குத் திருவனந்தபுரத்தில் கல் வைத்திருக்கிறார்களாமே, அதில் அவர் பெயரை ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும். மாமாவுக்கு அதில் சந்தோஷம்தான். “அவன் பேரு இல்லாம இருக்குமா, மக்கா? நீ வாசிச்சுக் காட்டு” என்றார்.

அக்கா தோவாளைப் பிச்சிப்பூவை வாழையிலையில் பொதிந்து மடியில் வைத்திருந்தாள். தக்கலை, களியக்காவிளை என்று பேருந்து குலுங்கிக் குலுங்கிப் போனது. கல்லின் முன் நின்றதும் நான் உரக்க வாசிக்கத் தொடங்கினேன். வேடிக்கை பார்க்க வந்த நாலைந்து பேர் கூடினார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். பீரங்கி எங்கே பிடிபட்டது, எந்தப் படை எங்கே போரிட்டது என்று இடையிடையே விளக்கமும் சொன்னேன். பெயர்கள் முடிந்தன. தொட்டிகளுக்குப் பின்னால் சிறிய எழுத்தில் இன்னொரு வரி தெரிந்தது. பெயராக எதுவும் தென்படவில்லை. குனியவில்லை.

“அவிய பேரு எங்க, தம்பி?”

மாமா என்னைப் பார்த்தார். ஏதாவது ஒரு பெயரைக் காட்டு என்று அந்தப் பார்வை கெஞ்சியது. எனக்குப் புரியாமலில்லை. ஆனால் சரித்திரம் படிப்பிக்கிறவன் கல்லின் முன் நின்று பொய் சொல்லலாமா என்ற நினைப்பு எனக்கு.

“இல்ல, அக்கா” என்றேன்.

அவள் நெடுநேரம் கல்லையே பார்த்தாள். அவள் முகம் மெல்ல மலர்ந்ததை நான் மறக்கவே முடியாது. “செத்தவிய பேரு எல்லாம் இதுல உண்டும்லா? அவிய பேரு இல்லண்ணா, அவிய சாவல்லண்ணுதானே?”

“நான் என் கையால மண்ணு போட்டேனே” என்றார் மாமா.

அவள் அவர் பக்கம் திரும்பினாள். கோபமே இல்லாமல்தான் சொன்னாள். “ஓங்களுக்கு அப்பிடிச் சொல்லணும்ணு ஒரு காரியம் உண்டும்லா.”

அவள் பூப்பொதியை அவர் கையில் கொடுத்து, “இது செத்தவியளுக்கு உள்ளது. எங்கையாவது போட்டிருங்க” என்றாள். நாகர்கோவில் வரைக்கும் அதைக் கையிலேயே வைத்திருந்தார். அந்த ஞாயிறு ஓலை வாசிக்கப்படவில்லை.

இரண்டு வருடம் கழித்து மாணவர்களோடு அங்கே மறுபடி போனேன். தொட்டிகளை எடுத்திருந்தார்கள். கடைசி வரி வெயிலில் துலக்கமாகத் தெரிந்தது: ‘இவர்களோடு கடல் கடந்து சென்று திரும்பாத கூலிப்படையினர் பலரும்.’ அவ்வளவுதான்.

ஊர் திரும்பியதும் நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். லேஸ் பின்னும் தலையணையைத் தள்ளி வைத்துவிட்டு நான் சொன்னதைக் கேட்டாள். “பலரும்ணா, அதுல அவியளும் உண்டும்லா?” என்று இரண்டுமுறை கேட்டாள். பிறகு அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நான் சந்தேகிச்சது தப்புண்ணு ஓங்க மாமாட்ட சொல்லு. ஒருக்கா வந்துட்டுப் போகச் சொல்லு” என்றாள்.

மாமா வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். மண்வெட்டியை ஊன்றியபடி முழுவதும் கேட்டார். “கல்லு சொன்னா நம்புகா. பதிமூணு நாளு அவன்கூட கெடந்த நான் சொன்னப்ப நம்பல்ல. அவ மேல எனக்குக் கோவம் இல்ல, மக்கா. ஆனா இனி அவ மொகத்தப் பாத்தா எனக்கு அந்தச் சொல்லுதான் ஓர்ம வரும்” என்றார். மறுபடி வரப்பை வெட்டத் தொடங்கினார்.

இந்தப் பதிலை அக்காவிடம் கொண்டுபோக எனக்குத் தைரியம் வரவில்லை. இன்று, நாளை என்று தள்ளினேன். பிறகு வேறு ஊர்ப் பள்ளிக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டேன். மாமா ஆண்கள் பக்கமும் அக்கா பெண்கள் பக்கமுமாக ஒரே கோயிலில் ஞாயிறுதோறும் உட்கார்ந்திருந்தார்கள் என்று அம்மா எழுதுவாள். பின்னாளில் என் மகள் வேலை பார்த்த அயல்நாட்டில், ஒரு சர்வாதிகாரி கொன்றவர்களுக்கான காட்சிசாலைக்கு என்னைக் கூட்டிப் போனாள். கூரை வரை உயர்ந்த சுவர் முழுக்கப் பெயர்கள். மற்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். நான் தரையோரம் குனிந்து, ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தேடினேன். மகள் எதையோ கீழே போட்டுவிட்டேனா என்று கேட்டாள்.

அதற்கு வெகுகாலம் முன்பே, அடுத்த போருக்கு ஆள் எடுக்கத் தொடங்கிய வருடம் மாமா இறந்திருந்தார். அன்று கல்லறைத் தோட்டத்திலிருந்து எல்லாரும் திரும்பிய பிறகு அக்கா என் பக்கத்தில் வந்து நின்றாள். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது.

“நான் சொன்னத அவியட்ட சொன்னியா, தம்பி?”

“சொன்னேன், அக்கா.”

“கேட்டுட்டு என்ன சொன்னாவ?”

“சந்தோசப்பட்டாவ” என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டாள். ஈர மண்ணைப் பார்த்தாள்.

“பின்ன ஏன் வரல்ல?” என்று கேட்டாள்.