மந்தாரை இலையில் பெய்த மழை

வாசகரே, உங்களைச் சாட்சியாக நிற்க அழைக்கிறேன். நடுவர்களை நான் நிறையவே பார்த்துவிட்டேன். சித்தூரிலிருந்து திருப்பதி வரை எத்தனையோ மேடைகளில் மணியடித்து என் பேச்சை நிறுத்தியவர்கள், சற்று நேரத்தில் கோப்பையையும் என் கையிலேயே தந்திருக்கிறார்கள். தன்னடக்கம் கருதி எண்ணிக்கையைச் சொல்லாமல் விடுகிறேன். ஆனால் என் முதல் மேடையில் நான் பேசியது ஒரே ஒரு வாக்கியம். அதற்கு நடுவரும் இல்லை, எதிரணியும் இல்லை. கைதட்டல் மட்டும் கேட்டது. அவ்வரங்கில் எல்லோரையும்விட உரக்கக் கைதட்டியவர் யார் என்பதை நீங்கள் உங்கள் கண்ணால் பார்க்க வேண்டும்.

அப்போது எனக்கு வயது பத்து. ஆந்திர எல்லை ஊரான நகரியில் விசைத்தறிகள் நெருங்கிய ஒரு தெருவில் எங்கள் வீடு. முன்பாதியில் நாங்கள் வாழ்ந்தோம். பின்பாதியில் நைனாவின் (அப்பாவை அப்படித்தான் அழைப்பேன்) நான்கு தறிகள் வாழ்ந்தன. பொழுது விடிவதற்குள் தொடங்கும் அவற்றின் அதிர்வில் தண்ணீர்க் குடத்தின் மேற்பரப்பு வளையம் வளையமாக நடுங்கிக்கொண்டே இருக்கும். எங்கள் தெருவில் இரகசியங்கள் நிலைத்ததில்லை. இரகசியத்தையும் கத்திச் சொன்னால்தான் அது அடுத்தவரைச் சென்றடையும். தறிக்கூடத்துக்குள் அந்தக் கத்தலும் செல்லாது. அங்கே கைகளே மொழி. ஒரு விரல் உயர்ந்தால் நூல் வேண்டும்; இரு கைகளும் உயர்ந்தால் தறியை நிறுத்த வேண்டும்.

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, திருப்பதியில் படித்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு கல்லூரியில் நடக்கவிருந்த குறும்பட விழாவுக்காகப் படம் ஒன்றை எடுத்தார். வேலை தேடி வெளியூர் சென்ற மகனுக்காக ஒரு தாய் வாசலில் காத்திருக்கிறாள், மழை வருகிறது, மகன் வரவில்லை. வசனமே இல்லாத ஒன்பது நிமிடப் படம். தாயாக என் சித்தி நடித்தாள். படத்தை முதலில் போட்டுப் பார்த்தபோது அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"இன்னாடா இது? அவ அழுதுக்கினு நிக்கிறா, பின்னால தட்டக் தட்டக்னு தறி ஓடிக்கினு கீது. புள்ளைக்காக அழுவுறாளா, புடவைக்காக அழுவுறாளா?"

மாமா முகம் சிவந்தார். பிறகு, அந்தப் படத்தின் எல்லா ஒலிகளையும் நீக்கிவிட்டு, ஒவ்வொன்றையும் நாங்களே புதிதாகப் படைக்கப் போவதாக என்னிடம் அறிவித்தார். கடவுள் உலகைப் படைக்கும்முன் இவ்வளவு நிதானமாக யாரிடமும் அறிவித்திருப்பாரா என்பது ஐயமே.

அந்நாள்களில் நண்பகலில் இரண்டு மணி நேரம் மின்சாரம் நின்றுவிடும். ஊரே சபித்த அந்த மின்வெட்டை வரமாக வேண்டிக் காத்திருந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே. கரண்ட் போன கணத்தில் தெருவிலிருந்து ஒரு பெரிய போர்வையை யாரோ உருவி எடுத்தது போலிருக்கும். அதுவரை இருப்பதையே அறியாத ஒலிகள் ஒவ்வொன்றாக எழுந்து வரும்: ஒரு காக்கை, யாரோ ஒருவரின் இருமல், தூரத்துப் பாதையில் ரேணிகுண்டாவை நோக்கிச் செல்லும் ரயில். நூலும் துணிக்கட்டுகளும் அடுக்கிய சிறிய அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, மாமாவின் பேட்டரி ஒலிப்பதிவுக் கருவியோடு நாங்கள் அமர்வோம். ஓட்டின் இடுக்கு வழியே இறங்கும் ஒற்றை வெளிச்சத்தில் பஞ்சுத்துகள்கள் மிதந்துகொண்டிருக்கும். சுற்றிலும் துணி; சொல்லும் சொல் சுவரில் மோதித் திரும்பாது. கனவுக்குள் பேசுவது போன்றிருக்கும்.

அந்த அறையில் எந்தப் பொருளும் தன் பெயருக்குக் கட்டுப்பட்டிருக்கவில்லை. கட்டில் சட்டத்தின்மேல் மல் துணியை மெல்ல இழுத்தால் அது காற்று. பிஸ்கட் உறையைக் கசக்கினால் அடுப்பில் தீ. நனைத்த செய்தித்தாள்களைத் தாம்பாளத்தில் வைத்துக் கையால் அழுத்தினால் சேற்றில் நடக்கும் தாயின் காலடி. குடையை வேகமாக விரித்து மடக்கினால், கூரையிலிருந்து ஒரு பறவை பறந்து போகும். கண்ணை மூடிக்கொள்ளும்படி மாமா சொல்வார். மூடினால் குடை இருக்காது. பறவை மட்டுமே இருக்கும்.

மழை என் பொறுப்பு. பந்திக்குப் போடும் மந்தாரைத் தையல் இலைகளைச் சரிவாக அடுக்கி, அவற்றின்மேல் நொய்யரிசியைச் சிந்த வேண்டும். விரல்களை இறுக்கினால் தூறல், தளர்த்தினால் பெருமழை. தொலைவிலிருந்து வருவது போலத் தொடங்கி, வலுத்து, ஓய்ந்து அடங்கும்வரை ஆறு நிமிடம் இடையறாமல் பெய்ய வேண்டும் என்பது மாமாவின் கட்டளை. ஆறு நிமிடம் என் விரலிடுக்கில் மேகம் கிடந்தது என்று சொன்னால், அதை அலங்காரமாகக் கொள்ளாதீர்கள். நான் அப்படித்தான் நம்பினேன்.

மின்வெட்டு வேளையில் வேலையில்லாமல் நைனாவும் வந்து ஒரு துணிக்கட்டில் சாய்ந்துகொள்வார். நான் மழை பெய்வித்தபோதெல்லாம் அவர் என் முகத்தையே பார்த்திருந்தார். தாயின் நெஞ்சுத்துடிப்புக்காக, அவர் சாய்ந்திருந்த அதே துணிக்கட்டை மாமா முஷ்டியால் தொம், தொம் என்று குத்தியபோதோ அவர் முகம் மலர்ந்தது.

"மச்சான், இது சூப்பரா கீதுபா!"

அன்றே என் மனத்தில் ஒரு முள் தைத்தது. என் மழைக்குக் கிடைக்காத பாராட்டு வெறும் குத்துக்குக் கிடைத்துவிட்டதே!

இரண்டு நாள் என் மழை பாதியில் செத்தது. சொன்ன நேரத்துக்கு முன்பே கரண்ட் வந்து, ஐம்பது தறிகள் அதன்மேல் ஏறி ஓடின. மறுநாள் காலை படத்தோடு திருப்பதி போயாக வேண்டும் என்ற கடைசி நாளில், மழை நடுவில் இருக்கும்போது, எதிர்வீட்டு வாசல் விளக்கு எரிவதைச் சாத்திய சன்னலின் விரிசல் வழியே பார்த்தேன். கரண்ட் வந்துவிட்டது. மாமா கண்களை இறுக மூடிக்கொண்டார். நான் அரிசியை நிறுத்தவில்லை. ஆனால் எந்தத் தறியும் ஓடவில்லை. அறையில் சாய்ந்திருந்த நைனாவைக் காணவில்லை. தெரு நடுவில், வெயிலில், இரு கைகளையும் உயர்த்தியபடி அவர் நின்றார். யார் தறியிலோ கோளாறு போலும் என்று நினைத்தேன். மழை ஓய்ந்து, கடைசி நொய்யும் உருண்டு நிற்கும்வரை தெரு மூச்சடக்கிக் கிடந்தது. அந்த அதிர்ஷ்டத்துக்காகத் திருப்பதி மலை இருக்கும் திசையை நோக்கி ஒரு கும்பிடு போட்டேன்.

விழாவுக்கு நைனாவும் வந்தார். பேருந்தின் இரைச்சலில் அவரிடம் கத்தி ஒரு நிபந்தனை வைத்தேன்.

"நைனா, நான் போட்ட மழை எப்போ வருதுனு நீதான் கண்டுபுடிக்கணும். வந்த உடனே என் கைய அமுக்கணும். தூங்கிடாத!"

"சர்ரா, அமுக்குறேன்," என்றார்.

அரங்கு இருண்டது. திரையில் சித்தியின் முகம். பின்னால் வெறும் வெள்ளை வானம். படத்தில் மழை கண்ணுக்கு வருமுன் காதுக்கு வந்துவிடும். மாமாவின் நுட்பமே அதுதான். மிகத் தொலைவில் என் நொய் தூறத் தொடங்கியது. எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு பெண்மணி, தன்னை அறியாமல், முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். மழை நெருங்கியது. அரங்கத்தின் காற்றே குளிர்ந்துவிட்டதாகத் தோன்றியது. என் கை நைனாவின் கைக்குள் இருந்தது; அது அமுக்கவில்லை. மனத்துக்குள் எண்ணினேன்: பத்து, இருபது, முப்பது. திரையில் முதல் துளி சித்தியின் நெற்றியில் விழுந்தது கண்ணுக்குத் தெரிந்த பிறகே அவர் சட்டென்று அமுக்கி, வெற்றிப் புன்னகையோடு என்னைப் பார்த்தார். சற்று நேரத்தில் ஒலிபெருக்கிகள் தொம் என்று அதிர்ந்தபோதோ, அந்தக் கணமே அமுக்கினார்.

மாமாவின் குத்தை உடனே தெரிந்துகொண்டவருக்கு என் மழையைத் தெரியவில்லை! கையை உருவிக்கொண்டேன்.

பரிசு எங்களுக்கே கிடைத்தது. மாமா என்னையும் மேடைக்கு இழுத்துச் சென்றார். தொகுப்பாளர் என் உயரத்துக்கு மைக்கைத் தாழ்த்தி, மழை எல்லோருக்கும் பிடித்ததா என்று தெலுங்கில் கேட்டார். வாசகரே, என் முதல் சொற்பொழிவு இதோ:

"மா நாயனகி மாத்ரம் நா வான நச்சலேது."

என் அப்பாவுக்கு மட்டும் என் மழை பிடிக்கவில்லை. அவ்வளவுதான். பின்வரிசையைச் சுட்டிய என் விரலைத் தொடர்ந்து முந்நூறு தலைகள் திரும்பின. அரங்கு குலுங்கிச் சிரித்தது. எல்லோரும் தன்னைப் பார்த்துச் சிரிப்பதைக் கண்ட நைனா, மகன் ஏதோ பெருமையாகச் சொல்லிவிட்டான் என்று முகமெல்லாம் பூரித்து எழுந்து நின்றார். எழுந்து நின்று, அரங்கிலேயே உரக்கக் கைதட்டினார்.

மாமா என் தோளை அழுத்தினார். மறுபடியும் பேச மைக் என்னிடம் வரவில்லை.

தறி மனிதனின் காதிலிருந்து மெல்லிய ஒலிகளையே முதலில் எடுத்துக்கொள்ளும் என்பதை நான் கற்றது பல ஆண்டுகள் கழித்து, ஊருக்கு வந்த ஒரு மருத்துவ முகாமில் நைனாவைக் கூட்டிக்கொண்டு நின்றபோது. தூறல், இலைச் சலசலப்பு, மெல்லப் பேசும் பேச்சு எல்லாம் முன்பே போய்விட்டிருந்தன. தொம் என்ற அதிர்வு மட்டும் முதுகு வழியாகவும் நாற்காலி வழியாகவும் அவரை அடைந்துகொண்டிருந்தது. தம் காதில் ஒருநாளும் விழாத ஒரு மழைக்காகவே அவர் ஒரு தெருவின் தறிகளை வெயிலில் நின்று நிறுத்தி வைத்திருந்தார்.

இவற்றில் ஒன்றும் தெரியாத பத்து வயதில், அன்று மாலை, திரும்பும் பேருந்தில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தேன். புத்தூர் தாண்டியதும் நைனா என் தலையை வருடி, "மேடையில இன்னாடா சொன்ன? எல்லாரும் அப்படிச் சிரிச்சாங்களே?" என்று ஆசையாகக் கேட்டார். அந்தக் கேள்வியை ஏளனமென்று எடுத்துக்கொண்ட நான் இருக்கையின்மேல் ஏறி நின்றேன். நடத்துநர் உட்படப் பேருந்தே திரும்பிப் பார்க்க, அவர் காதோரம் குனிந்து கத்தினேன்:

"நான் பெருசானா மைக்கு புடிச்சிப் பேசுவேன் நைனா! ஊரே கேக்கும்! அன்னிக்கு உனக்கும் கேட்டே ஆவணும், கேக்க வெக்காம வுட மாட்டேன், பாத்துக்கோ!"