வலிக்கு மூன்று

போன வருட மழைக்காலத்தில், பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. எந்த வேலையிலும் நிலைக்காத நான் அப்போது வாடகை ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தேன். இனிக் குணமாகாது என்று ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பப்பட்டவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் சமூக சேவை மிஸ் ஒருவரை, வாரம் ஒருமுறை தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குக் கூட்டிப்போவேன்.

அங்கே கொழுந்து பறித்த ஓர் அம்மா புற்றுநோயோடு படுத்திருந்தார். பூச்சியத்திலிருந்து பத்து வரை எண் போட்ட அட்டையைக் காட்டி, வலி எவ்வளவு என்று மிஸ் கேட்பார். அம்மா ஒவ்வொரு முறையும் பூச்சியத்தையே தொடுவார். அதை நம்பி டாக்டரும் மருந்தைக் கூட்டவில்லை. ஆனால் ஒருநாள் அவருடைய போர்வை நுனியில் பல் பதிந்திருந்தது. மிஸ்ஸும் அதைப் பார்த்துவிட்டார்.

"உண்மையச் சொல்லுங்கம்மா."

வாசலில் நின்ற புருஷன் சிரித்தார். "அவ எங்கங்க சொல்லுவா? பெரட்டுல நின்ன பழக்கம். சுகமில்லேன்னா பேர் விழாதுல்ல!"

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம்தான் பெரட்டு. முடியவில்லை என்று சொன்னால் அன்றைக்குப் பேர் பதிய மாட்டார்கள், சம்பளமும் இல்லை. என் அம்மாவும் காய்ச்சலோடு அங்கே போய் நின்றவர்தான்.

மிஸ் அட்டையைப் பைக்குள் வைத்தார். "சரி, வலியே இல்லாட்டி மொதல்ல என்ன செய்வீங்க?"

"ரொட்டி தட்டுவேங்க. இந்த மனுசன் சுடுறது ரொட்டியா? கூரைத் தகரத்துக்குப் பதிலாப் போடலாம்." சொல்லிவிட்டு அழுதார். "குந்த முடியலைங்க. இடுப்பு எரியுது."

மிஸ் மேலே ரோட்டுக்கு ஏறி, சிக்னல் கிடைத்த இடத்தில் நின்று டாக்டரோடு பேசினார். மருந்து கூடியது. பக்கத்து வீட்டு ஆட்களைப் பிடித்து, நாற்காலியில் உட்கார்ந்தே சமைக்கிற உயரத்துக்கு அடுப்பையும் கட்ட வைத்தார். கல் சுமந்தது நான்.

அடுத்த வாரம் போனபோது அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தார். மிஸ் அட்டையை நீட்டினார். அம்மா கொஞ்சம் யோசித்து மூன்றைத் தொட்டார். "விடியக்காலையிலதாங்க கொஞ்சம் குத்துது."

"சைபர் மூணாச்சே மிஸ். வலி கூடிருச்சுன்னுல்ல ஒங்க ஆபீஸ்ல நெனைப்பாங்க?" என்றேன்.

"நெனைக்கட்டும். அந்த மூணுக்குப் பக்கத்துலயே, ரொட்டி சுட்டாங்கன்னும் எழுதிர்றேன்."

அம்மா எனக்கும் ஒரு ரொட்டியைத் தேங்காய்ச் சம்பலோடு நீட்டினார். காரம் கண்ணில் தண்ணீர் வரவைத்தது.

அவர் அதன்பிறகு சில மாதங்கள்தான் இருந்தார். ஆனால் அந்த மாதங்களில் வலித்தால் வலிக்குது என்று வாய்விட்டுச் சொன்னார். அப்படிச் சொல்லிக்கொள்ள ஓர் ஆள் கிடைப்பதே பாதி மருந்து என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது.