படிக்கட்டில் நின்ற குரல்

லண்டன் வெம்பிளியில் இரண்டு பலசரக்குக் கடைகள், செவன் கிங்ஸில் ஒன்று, மீனும் மரக்கறியும் வைக்கக் குளிர்க் களஞ்சியம், ஊர் முழுக்க இருந்து சாப்பிடக்கூடிய ஒரு கலியாண மண்டபம். இவ்வளவையும் கட்டியவன் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். முதல் தடவை கடன் கேட்கப் போனபோது வங்கிக்காரர் கதிரை கூடத் தரவில்லை. நின்றுகொண்டே பேசி வாங்கி வந்தேன். மண்டபத்துக்கு அனுமதி இல்லை என்று கவுன்சில்காரர் திருப்பித் திருப்பி அனுப்பினார்கள். திறப்பு விழா அன்று அவர்களே வந்து முன்வரிசையில் இருந்து வடை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். முருங்கைக்காய் வாடாமல் விமானத்தில் வந்து இறங்க அதை எப்படிச் சுற்ற வேண்டும் என்று இந்த நகரத்துக்குக் காட்டியவன் நான். இப்போது எல்லாரும் அப்படித்தான் சுற்றுகிறார்கள். தாங்களே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்கிறார்கள். சொல்லட்டும்.

கடைப் பலகையில் என் பெயர் இருக்கிறது. மண்டப வாசலில் இருக்கிறது. கோயில் பளிங்கிலும் இருக்கிறது. பெயர் இல்லாமல் நான் செய்த வேலை ஒன்றே ஒன்று. உலகம் அதிகம் கேட்டது அதைத்தான்.

அந்தப் பாட்டை நீங்களும் எங்காவது கேட்டிருப்பீர்கள். சோல் பாட்டு. கறுப்பினத்தவர்களின் பாட்டு, தேவாரம் போல நெஞ்சைப் பிடித்து உருக்கும், ஆனால் பெண்ணைப் பற்றியது. மெல்லப் போகும். கொஞ்சம் பொறு, வந்துவிடுகிறேன் என்று ஒருவன் ஒருத்தியிடம் கெஞ்சுகிறான். அவன் வரியை முடிக்கும்போதெல்லாம் பின்னால் இரண்டு ஆண் குரல்கள் கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்லும். அவை ஓய்கிற நேரத்தில், பக்கத்து வீட்டிலிருந்து வருவதுபோல, தூக்கத்தில் யாரோ பதில் சொல்வதுபோல, மூன்றாவது குரல் ஒன்று பிந்தி வரும். அது நான்.

அந்தக் குரல் என்னைத் தேடித் தேடி வந்திருக்கிறது. மழையில் டாக்சிக்குள் வந்தது. முதல் பிள்ளை பிறந்த அன்று ஆஸ்பத்திரிச் சிற்றுண்டிச்சாலையில், தேநீர்ப் பாத்திரத்தின் ஆவிக்குள்ளிருந்து வந்தது. ஒருமுறை பல்வைத்தியரிடம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தேன். மேலே கூரையிலிருந்து என்னுடைய இளவயதுக் குரல் மெல்ல இறங்கி வந்தது. வாய் நிறையப் பஞ்சு. அது நான்தான் என்று சொல்ல முடியவில்லை. வைத்தியர் தானும் முணுமுணுத்துக்கொண்டே பல்லைப் பிடுங்கினார். வலி தெரியவில்லை.

நான் லண்டனுக்கு வந்த புதிதில் ஸ்ட்ரெதமில் ஒரு வாடகை வீட்டில் இருந்தேன். பக்கத்து அறையில் ஜமெய்க்காக்காரன் ஒருவன். தச்சு வேலை செய்வான். ஓய்ந்த நேரத்தில் ஒலிப்பதிவுக் கூடங்களில் பின்பாட்டுப் பாடுவான். இரண்டு பேருக்கும் ஒரே அடுப்பு. என் மிளகாய்த்தூளை உறைப்புக் காணாது என்று சொல்ல இங்கிலாந்தில் அவன் ஒருவனுக்குத்தான் துணிவு இருந்தது. என்னிடமிருந்து அவன் கற்ற ஒரே தமிழ்ச் சொல் ‘மச்சான்’. வீட்டுக்காரியைக்கூட அப்படிக் கூப்பிட்டுத் திட்டு வாங்கியவன். நான் ஊரில் பஸ் நிலையத்தில் ஊர்ப்பெயர் கூவிய ஆள். மெல்லப் பாட எனக்கு வராது. நான் குளிக்கும்போது பாடினால் மூன்று மாடிக்கும் கேட்கும்.

ஒரு நாள் மத்தியானம் பாட ஓர் ஆள் குறைகிறது என்று சொல்லி அவன் என்னை இழுத்துக்கொண்டு போனான். கோட்டுத் தைக்கிற தொழிற்சாலை ஒன்றின் கீழே, நிலவறையில் அந்தக் கூடம். சுவரெல்லாம் பழைய மெத்தைகள். உள்ளே போனதும் உலகம் வாயை மூடிக்கொண்டது. என் மூச்சு எனக்கே கேட்டது.

என் ஜமெய்க்கா நண்பன், இன்னொரு பின்பாட்டுக்காரர், நான், மூன்று பேருக்கும் ஒரே மைக். குரல் சிறியவன் கிட்ட நிற்பான். பெரியவன் தள்ளி நிற்பான். அதுதான் முறை. நான் வாயைத் திறந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர் கையைக் காட்டினார்: பின்னுக்கு. போனேன். பிறகும் பாடினோம். இன்னும் பின்னுக்கு. சுவரில் முதுகு முட்டியது. இன்னும். கதவைத் திறந்து என்னை வெளியே விட்டார்கள். அங்கே நின்று பாடியும் காணாதென்று கடைசியில் படிக்கட்டின் நடுவில் ஏற்றிவிட்டார்கள்.

அங்கிருந்து பாடகரைப் பார்க்க முடியாது. கதவை ஒருக்களித்து வைத்து, அந்த இடைவெளியில் நண்பன் எனக்கு முதுகைக் காட்டி நின்றான். தன் வலக்கையை முதுகுக்குப் பின்னால் நீட்டினான். விரல்கள் விரிந்திருந்தால் பொறு. பொத்தினால் பாடு. பாட்டு அந்தச் சிறு இடைவெளியால் புகைபோலக் கசிந்து படி ஏறி வந்தது. அவன் கை பொத்தும், நான் அதைப் பார்ப்பேன், பிறகு பாடுவேன். அதனால்தான் பிந்தினேன். இனி வேண்டாம் என்று அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். உள்ளே ஒலிப்பதிவாளர் எழுந்து நின்றுவிட்டாராம். இப்படியே பாடட்டும், ஒருவரும் அசைய வேண்டாம் என்றாராம்.

இரண்டாம் சரணத்தில் மேலிருந்து தொழிற்சாலைப் பெண் ஒருத்தி கை நிறையக் கோட்டுகளோடு இறங்கி வந்தாள். நான் உதட்டில் விரல் வைத்தேன். அவள் கோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு படியில் இருந்தாள், பாட்டு முடியும்வரை. முடிந்ததும் கோட்டுகளை அள்ளிக்கொண்டு என்னைக் கடந்து போனாள். அவள் முகம் மறந்துவிட்டது. அவள் கண்ணை மூடியிருந்தது மறக்கவில்லை.

கூலி அன்றைக்கே தந்தார்கள். அதில் எனக்குக் குறை இல்லை. இசைத்தட்டின் உறையில் பாடகருடைய படமும் பெயரும் மட்டும் இருந்தன. அந்தக் காலத்தில் பின்பாட்டுக்காரர் பெயரை யாரும் போடுவதில்லை.

இப்போது அந்த இசைத்தட்டை மறுபடி வெளியிடப் போகிறார்கள், சிறு புத்தகம் ஒன்றும் சேர்த்து. அன்று பாடியவர்கள் இருந்தால் தொடர்புகொள்ளவும் என்று இணையத்தில் போட்டிருந்ததைக் கண்டு என் மகள் எழுதினாள். இசைத்தட்டுக் கொம்பனியிலிருந்து ஒரு பெண் வெம்பிளிக் கடைக்கு வந்தாள். நல்ல மரியாதையான பிள்ளை. அச்சுக்குப் போகவிருந்த பக்கங்களை மகள் வாசித்துச் சொன்னாள். ஆண் குரல்கள் இரண்டு என்று போட்டு, நண்பனின் பெயரும் இறந்துபோன மற்றவரின் பெயரும் இருந்தன. மூன்றாவது குரலைப் பற்றி அரைப் பக்கத்துக்குப் புகழ்ச்சி: ஒலிப்பதிவாளர் தன் கருவியால் உண்டாக்கிய அற்புதமான எதிரொலி என்று.

என்னை எதிரொலி ஆக்கிவிட்டார்கள்.

பாடகரும் ஒலிப்பதிவாளரும் காலமாகிவிட்டார்கள், வேறு யாராவது சாட்சி சொல்வார்களா என்று அந்தப் பெண் கேட்டாள். மிஞ்சியிருப்பவன் நண்பன் ஒருவன்தான். ஸ்ட்ரெதமில் முதியோர் இல்லத்தில் இருக்கிறான். அவனுக்கு நினைவு போய்விட்டது. மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் என்னை வேறு யாரோ ஆக்கிவிடுவான். சரி, வா என்று அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனேன். மனைவி வடைப் பொட்டலத்தோடு காரில் ஏறினாள். வழி நெடுக என்னை விடவில்லை.

“உங்கட பேர் இல்லாத சுவர் வெம்பிளியில இருக்கோ? இதில வேற என்னத்துக்கு?”

“சுவர் ஆரும் கட்டுவினம்,” என்றேன். “இது ஆராலும் ஏலாது.”

“ஓம், ஓம். உங்களைப்போலப் பிந்தி வர ஆராலும் ஏலாதுதான். கலியாணத்தண்டும் அப்பிடித்தானே வந்தனீங்கள்.”

நண்பன் ஜன்னலோரம் கதிரையில் இருந்தான். நான் கால் நகம் வெட்ட வந்தவன் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றினான். அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்காமல் தன் போனில் பாட்டைப் போட்டாள்.

முதல் வரி முடிந்தது. அவன் வாய் திறந்தது. ஒரு சொல் பிசகாமல் தன் பங்கைப் பாடினான். பிறகு அவன் வலக்கை கதிரையின் கையிலிருந்து மெல்ல எழும்பி, முதுகுக்குப் பின்னால், கதவுப் பக்கம் நீண்டது. விரல்கள் விரிந்திருந்தன. ஒரு கணம் அப்படியே நின்று, பொத்தின.

அவனுக்கு முன்னால்தான் நான் இருந்தேன். என்னை அவன் பார்க்கவே இல்லை. என்னைக் கதவுக்கு வெளியே தேடுகிறான்.

நான் எழுந்து வெளியே போனேன். நடைவழியில் தேநீர் வண்டி தள்ளி வந்த பெண் ஒருத்தி நின்றாள். உதட்டில் விரல் வைத்தேன். அவள் சக்கரத்தைக் காலால் தடுத்துக்கொண்டாள். அறைக்குள் அடுத்த வரி முடிந்தது. கை நீண்டது. விரிந்தது. பொத்தியது. நான் பாடினேன். இந்த வயதிலும் அதே இடத்தில், அதே அளவு பிந்தி. போனுக்குள் இருந்த என் குரலும் நடைவழியில் நின்ற என் குரலும் எங்கோ நடுவில் சந்தித்துக்கொண்டன. படிக்கட்டின் ஈர வாசம் வந்தது. ஒரு கணம் எனக்கு மண்டபமும் இல்லை, கடையும் இல்லை, பேரப்பிள்ளைகளும் இல்லை.

நண்பன் திரும்பிப் பார்க்காமலே பேசினான்:

“இன்னும் கொஞ்சம் பின்னுக்குப் போ, மச்சான்.”

அந்த ஒரு தமிழ்ச் சொல் அவனிடம் இன்னும் இருந்தது. போனேன். தேநீர் வண்டிக்கும் அப்பால் போய் நின்று பாடி முடித்தேன். மனைவி வடைப் பொட்டலத்தை மடியில் வைத்தபடி தலையைக் குனிந்திருந்தாள். கார் திரும்பி வெம்பிளிக்கு வந்ததும், “விடாதேங்கோ” என்றாள்.

கொம்பனியிலிருந்து பிறகு போன் வந்தது. கட்டுரையைத் திருத்த நேரம் காணாதாம். நன்றிக்குரியவர்கள் என்ற பட்டியலின் கடைசியில் என் பெயரைச் சேர்க்கலாமாம். அது அந்தப் பிள்ளையின் முடிவல்ல, மேலே உள்ளவர்களுடையது.

மேலே உள்ளவர்களுக்குச் சொல்கிறேன். உங்கள் நன்றியை வைத்துக்கொள்ளுங்கள். நான் யாருக்கும் தேநீர் கொண்டுவந்து கொடுக்கவில்லை, பாடினேன். பின்னுக்குப் போ என்றார்கள், போனேன். படிக்கட்டுக்குப் போனவன் பாட்டை விட்டுப் போகவில்லை. எதிரொலி என்று எழுதிய அரைப் பக்கத்தையும் வெட்டுங்கள். ஆண் குரல்கள் மூன்று என்று போடுங்கள். இரண்டு பெயர்களுக்கும் கீழே என் பெயர் வரவேண்டும், பக்கத்தில் ‘படிக்கட்டிலிருந்து’ என்றும் இருக்கவேண்டும். அந்தப் புத்தகத்தை நண்பனின் கையில் நான் வைக்கவேண்டும், அவன் உயிரோடு இருக்கும்போதே. என் பெயரை எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் வெம்பிளிக்கு வாருங்கள். கடைப் பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டு போங்கள்.