பிளேட்டில் வாசித்த கடைசிப் பக்கங்கள்

இந்தக் கோடையில் வாசித்த நாவல்கள் எதையும் நான் எனக்காக வாசிக்கவில்லை. அக்காவின் வலது கைக்காக வாசித்தேன். அதனால் எது நல்ல நாவல், எது மோசம் என்று நான் சொல்வதை மற்றவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். என் அளவுகோல் வேறு.

அக்கா பட்டாசுக் கம்பெனியில் திரி செருகும் வேலை பார்த்தாள். பங்குனியில் ஒருநாள் காலை பக்கத்து ரூமில் வெடிமருந்து தீப்பிடித்துக்கொண்டது. முகத்தை மூடிக்கொண்டு ஓடியதால் முகத்துக்கு வரவேண்டியதைக் கை வாங்கிக்கொண்டது. அந்த ரூமில் இருந்த இரண்டு பேர் வெளியே வரவில்லை. இரண்டு பேரும் அக்காவோடு ஒரே வேனில் போய் வந்தவர்கள். அவர்களைப் பற்றி அவள் ஒருமுறைகூடப் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

விருதுநகர் ஆசுபத்திரியில் புண் ஆறியது. ஆறியதும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்திருந்தோம். அங்கே கைப்பயிற்சி சொல்லித்தரும் அம்மா எங்களை உட்காரவைத்தார்.

"ஆறுன தோலு சுருங்கும். சுருங்கும்போது விரலையும் இழுத்துக்கிட்டுப் போகும். தெனமும் விரிக்கணும், மடக்கணும். அழுதாலும் விரிக்கணும். விட்டீகன்னா கை கோழிக்கால் மாதிரி அப்படியே நின்னுரும். அப்புறம் மதுரைக்குப் போயி ஆபரேசன்ல வெட்டித்தான் நிமித்தணும்."

வீட்டில் முதல் நாள் ஆள்காட்டி விரலை விரிக்கும்போதே அக்கா உதட்டைக் கடித்து ரத்தம் வரவைத்தாள். அம்மா பார்க்க முடியாமல் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள். அடுத்த நாள் அக்கா கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். சோறு அம்மா ஊட்டினாள். இடது கையால் சாப்பிடச் சொன்னதற்கு, "அதுக்குப் பட்டினி கெடப்பேன்" என்றாள். யாராவது வீட்டுக்கு வந்திருந்தால் ஊட்டவும் விடமாட்டாள். வந்தவர்கள் போகும்வரை பசியோடு உட்கார்ந்திருப்பாள்.

எங்கள் வீட்டில் கல்லூரி வரை போனவன் நான் ஒருவன்தான். அம்மா பள்ளிக்கூடத்தைப் பார்த்ததில்லை. அக்கா எழுத்துக் கூட்டி வாசிக்கும் அளவுக்குப் போனாள். படித்த படிப்புக்கு எனக்குக் கிடைத்தது திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் பைண்டிங் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. காலண்டர் சீசன் தொடங்குவதற்கு முன்னால் அங்கே நாவல் ஆர்டர்கள் வரும். காதல், சரித்திரம், சஸ்பென்ஸ், எல்லாம் கட்டுக்கட்டாய் இறங்கும். ஓரம் கிழிந்தவை, மை அப்பியவை எல்லாம் வேஸ்ட். வேஸ்ட் எடைக்குப் போய் பட்டாசுக் குழாயாக உருளும். அந்தக் குவியலிலிருந்து கேட்டு வாங்கி வந்ததுதான் எங்கள் வாசிப்பு.

எங்கள் ஏற்பாடு இது. நான் ஒரு பத்தி வாசிப்பேன், அவள் விரிப்பாள். அடுத்த பத்தி, மடக்குவாள். அவள் நிறுத்தினால் நானும் நிறுத்துவேன்.

முதலில் காதல் நாவல். பெண்களுக்குப் பிடிக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். கதாநாயகன் பெரிய கம்பெனி முதலாளி. மழை பெய்யும்போதெல்லாம் வந்து நின்றான்.

"ஏலே, அவனுக்குக் கம்பெனியில ஒரு லோடு ஏத்த, எறக்க ஒண்ணும் கெடயாதா? எந்நேரமும் அவ வாசல்லயே நிக்கான்."

"முதலாளில்லா."

"எங்க மொதலாளிய நான் ரெண்டு தடவதாம்லே பாத்துருக்கேன். ஆயுதபூஜைக்குப் பொரி குடுக்க வந்தாக."

அவள் சிரித்ததில் விரல்கள் கொஞ்சம் கூடுதலாக விரிந்தன. நான் உற்சாகமாகிவிட்டேன். ஆனால் அந்த நாவலாசிரியருக்கு நெருப்பின் மேல் தீராத ஆசை. அவன் தொட்டால் இவளுக்குள் தீப்பொறி, பார்த்தால் பற்றிக்கொள்கிறது, பிரிந்தால் வெந்து சாகிறாள். ஒவ்வோர் இடத்திலும் முன்கூட்டியே கண்ணை ஓட்டி அந்த வரிகளைத் தாண்டினேன். கல்லூரியில் இதே மாதிரி வரிகளை நானும் எழுதிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

"என்னலே முழுங்குற? வரி குறையுது."

"ஒண்ணுமில்லக்கா. அச்சு சரியில்ல."

கதையின் நடுவில் கதாநாயகி அடுப்படியில் விரலைச் சுட்டுக்கொண்டாள். அவன் ஓடிவந்து ஊதினான். அடுத்த பத்தியில் இருவரும் காரில் ஊட்டிக்குப் போனார்கள். இதைத் தாண்ட எனக்கு நேரம் கிடைக்கவில்லை, வாயில் வந்துவிட்டது. அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்றும் மறுநாளும் கை சேலைக்குள்ளேயே இருந்தது. காதல் நாவல்களைப் பற்றி எனக்கு இருக்கும் ஒரே அபிப்பிராயம் இதுதான்: அவற்றில் யாருக்கும் காயம் ஆறுவதற்கு நேரம் ஆவதில்லை.

அடுத்து சரித்திர நாவல். தடிமனானது. எங்கள் வேலைக்கு அது நன்றாகவே ஒத்துவந்தது என்று சொல்ல வேண்டும். அரண்மனை வாசலிலிருந்து அந்தப்புரம் போய்ச் சேர ஓர் அத்தியாயம் ஆனது. வாக்கியங்கள் நீண்டு, நீண்டு, மூச்சு வாங்கி முடியும். அந்த நிதானத்தில் விரல்கள் விரிந்து மடங்கின. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தேன்.

"ரேடியோக்காரன் மாதிரியே வாசிக்கான் பாரு எம்மா" என்றாள் அக்கா.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டே, "இம்புட்டு யானைக்கும் குதிரைக்கும் யாரு தீவனம் அறுத்துப் போட்டா? அதச் சொல்லுதானா?" என்று கேட்டாள்.

"அது வராதும்மா."

"பின்ன என்ன கத?"

போரில் இளவரசன் மார்பில் காயம் பட்டு விழுந்தான். பச்சிலை கட்டினார்கள். ஊரே வந்து வணங்கியது. அக்கா மடக்கியதை விரிக்காமல் கேட்டாள்.

"வணங்குறாகளா? எதுக்கு?"

போரில் நெஞ்சில் வாங்கும் புண்ணுக்கு விழுப்புண் என்று பெயர், அது பெருமை என்று கல்லூரியில் படித்ததை விளக்கினேன். அவள் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். மினுமினுவென்று இழுத்துக் கட்டியது போல இருந்தது தோல்.

"இதுக்கு ஒரு பேரும் வைக்கலையோ?"

இளவரசன் குதிரை ஏறும் இடத்தில் பக்க ஓரத்தை மடித்து வைத்தேன். "அது கெடக்கட்டும், வேற எடு" என்றாள்.

சஸ்பென்ஸ் நாவலைக் கடைசியாகத்தான் எடுத்தேன். பயந்துகொண்டேதான் எடுத்தேன். முதல் பக்கத்திலேயே ஒருவன் செத்துக் கிடந்தான். மூடிவிடலாம் என்று பார்த்தால் அக்கா, "யாருலே செஞ்சது?" என்றாள். அவ்வளவுதான். பிறகு என் வேலை சுலபமாகிவிட்டது. அந்த நாவலாசிரியர் மொழியில் பெரிய அழகில்லை. ஒரே ஆள் ஒரே பக்கத்தில் நாலு தரம் புருவத்தை உயர்த்துவான். ஆனால் அத்தியாயத்தைக் கதவு திறக்கும் இடத்தில் முடிப்பார். நான் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அக்காவின் கையைப் பார்ப்பேன்.

"பாவி, சொல்லுலே."

"மொதல்ல முழுசா விரி."

கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் இப்படித்தான் வழிக்கு வந்தன. மோதிரவிரலும் சுண்டுவிரலும் அசையவே இல்லை.

கொலைகாரன் இருக்கும் அறைக்குள் போலீஸ்காரர் நுழைகிறார். நான் பக்கத்தைத் திருப்பினேன். அறைக்குள் இளவரசன் குதிரை மேல் வந்துகொண்டிருந்தான்.

ஒரு கணம் எனக்கே புரியவில்லை. பிறகு தொழில் புத்தி வந்தது. புத்தகத்தைப் பதினாறு பதினாறு பக்கமாக அச்சடித்து மடிப்போம். ஒரு மடிப்புக்கு ஃபாரம் என்று பெயர். ஃபாரங்களை வரிசையாக அடுக்கித்தான் தைப்பது. பக்கத்து மேஜையில் சரித்திர நாவல் ஓடியிருக்கிறது. அதில் ஒரு ஃபாரம் கைமாறி இதில் விழுந்துவிட்டது. இதன் கடைசி ஃபாரம் இல்லவே இல்லை. அதனால்தான் இது வேஸ்ட்.

அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் கேட்டாள்.

"அப்ப யாரு செஞ்சது?"

"தெரியலக்கா. கொண்டாரேன்."

"கொண்டா. கத வந்தாத்தான் கை."

விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். கை சேலைக்குள் போய்விட்டது. நல்ல பிரதிகள் எல்லாம் மதுரைக்கு லோடு ஏறிப் போயிருந்தன. மீதி வேஸ்ட் எங்கே என்று விசாரித்தேன். குழாய் உருட்டும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அங்கே போய்க் கேட்டேன். அறை முழுக்க உருண்ட குழாய்கள் வட்டம் வட்டமாகக் கட்டி அடுக்கியிருந்தன. எந்தக் குழாயில் அந்தக் கொலைகாரன் பெயர் இருக்கிறதோ. ஒன்றை எடுத்து உள்ளே பார்த்தேன். சுருண்ட எழுத்துகள்தான் தெரிந்தன.

இதற்குள் அக்காவின் நடுவிரல் மறுபடி உள்ளே வளையத் தொடங்கியிருந்தது. அம்மா என்னைத்தான் ஏசினாள். "கதையக் காட்டிப் பழக்குனவன் நீதான? இப்ப எங்கனயாவது போயிக் கொண்டாலே."

அச்சடித்த பிளேட்டுகளின் நினைவு அப்போதுதான் வந்தது. மெல்லிய அலுமினியத் தகடு, பக்கங்கள் அதில் பதிந்திருக்கும். அச்சு முடிந்த பிறகும் கொஞ்சநாள் ஸ்டோரில் சாத்தி வைத்திருப்பார்கள், பிறகு பழைய உலோகத்துக்குப் போகும். எழுத்து இடம்வலம் மாறாமல் நேராகவே இருக்கும், வாசிக்கலாம். சூப்பர்வைசரிடம் கேட்டேன்.

"பிளேட்ட வீட்டுக்குக் கொண்டுபோயி என்னடா செய்யப் போற?"

"வாசிக்கணும்ணே."

என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "காலையில வந்துரணும்" என்றார்.

கடைசி ஃபாரத்துக்கு இரண்டு பிளேட். இரண்டையும் சேர்த்துச் சுருட்டிக் கட்டி பைக்கில் கொண்டுவந்தேன். வீட்டில் அவிழ்த்ததும் தகடு நிமிர்ந்து "டம்" என்று அதிர்ந்தது. அக்கா கட்டிலின் மூலைக்குப் போய் ஒடுங்கிக்கொண்டாள். அம்மா வெளியிலிருந்து ஓடிவந்தாள். ஒன்றுமில்லை, தகடுதான் என்று நான் காட்டியதும் அம்மா மறுபடி வெளியே போனாள்.

பிளேட்டில் பக்கங்கள் வரிசையாக இருக்காது. கீழ் வரிசை நேராக இருந்தால் மேல் வரிசை தலைகீழாக இருக்கும். ஒரு பக்கம் இந்தத் தகட்டில், அடுத்தது மற்றதில். தகடோ அகலம், ஒரு ஆள் பிடித்தால் மடங்கும். ஓரம் கையை அறுத்துவிடும். பழைய துண்டைக் கிழித்து ஓரத்தில் சுற்றினேன். நான் ஒரு பக்கம் பிடித்தேன். மறுபக்கம் பிடிக்க ஆள் வேண்டும்.

"இந்தப் பக்கம் பிடிச்சுக்கோக்கா."

அவள் இடது கையை நீட்டினாள்.

"ஒரு கையில நிக்காது. ரெண்டு கையும் வேணும்."

சேலைக்குள்ளிருந்து கை வந்தது. பக்கத்துக்குப் பக்கம் திருப்பினோம், மாற்றினோம், தலைகீழாகப் புரட்டினோம். ஒவ்வொரு புரட்டலுக்கும் அவள் முகம் சுருங்கியது. "சீக்கிரம் வாசி" என்றாள். வெள்ளித் தகட்டில் நீலமாக இருந்த எழுத்தை டியூப் லைட் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்து வாசித்தேன். மூன்று விரல்கள் தகட்டைக் கவ்வியிருந்தன. இரண்டு விரல்கள் எதையும் தொடாமல் நின்றன.

கொலை செய்தவன் செத்தவனின் கூட்டாளி. ஏன் செய்தான் என்று ஒன்றரைப் பக்கம் அவனே விளக்கினான். கடைசி வரியில் விலங்கு மாட்டினார்கள்.

அக்கா பிளேட்டைக் கீழே வைத்தாள்.

"ஒரு ஆள் செத்ததுக்கு இம்புட்டுப் பேரு அலைஞ்சு, கடைசிப் பக்கத்துல ஒருத்தனப் பிடிச்சுட்டாக" என்றாள். கொஞ்சம் கழித்து, "இங்கன ரெண்டு பேரு" என்றாள்.

அந்த இருவரைப் பற்றி அவள் பேசியது அவ்வளவுதான்.

ஆசுபத்திரியில் பயிற்சி அம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று விரல் பிழைத்தது, மற்ற இரண்டுக்கும் மதுரைதான், அதிலும் உறுதி சொல்ல முடியாது என்றார். அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இத வச்சு வேல செய்யலாமா?"

"கனமில்லாத வேலன்னா செய்யலாம்."

பஸ் ஏறுமுன் பரோட்டாக் கடைக்குள் போனோம். கடையில் கூட்டம். அக்கா இலையின் முன்னால் வலது கையை வைத்தாள். மூன்று விரலால் பிய்த்தாள். சால்னா விறைத்த விரல்களுக்கு நடுவே வழிந்து முழங்கைக்கு ஓடியது. எதிரே இருந்தவர் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினார். அவள் நிறுத்தவில்லை. நாவல்கள் வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"கம்பெனியத் தொறந்துட்டாகளாம்" என்றாள். "பேக்கிங்ல ஆள் கேக்காக. மூணு விரலு போதும்லே அதுக்கு."

"நீ இதுக்குத்தான் விரிச்சியா?"

"பின்ன பேனா பிடிக்கவா?"

"பயமா இல்லையாக்கா?"

"பயந்தா இங்கன எங்கலே வேல இருக்கு? வீட்டுல ஒக்காந்து ஒன் இளவரசனையே பாத்துக்கிட்டு இருக்கச் சொல்லுதியா?"

எனக்குத் தெரிந்த எந்த நாவலிலும் இதற்கு மறுப்பு இல்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது, அம்மா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு மூன்று விரலையும் தடவினாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை வேன் வந்தது. அக்கா தூக்குவாளியை அந்த மூன்று விரலில் மாட்டிக்கொண்டாள். ஏறும்போது திரும்பி, "சாயங்காலம் வந்து அந்தக் குதிரைக்காரன் கதைய முடிச்சிருவோம்" என்றாள்.

இப்போது தினமும் ஒரு பத்தி, இரண்டு பத்தி வாசிக்கிறோம். அவளுக்கு அசதி, சீக்கிரம் தூங்கிவிடுகிறாள். மடித்த ஓரம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது. பகலில் நான் பைண்டிங்கில் ஃபாரம் சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன். எங்கேயாவது வெடிச்சத்தம் கேட்டால் மெஷினை நிறுத்திவிட்டு எல்லாரும் வாசலுக்கு வருவோம். எந்தப் பக்கம் புகை என்று பார்ப்போம். அக்காவின் கம்பெனி இருக்கும் பக்கம் இல்லை என்று தெரிந்ததும் நான் முதல் ஆளாக உள்ளே திரும்பிவிடுகிறேன். வேறு யாருடைய அக்காவோ என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் திரும்பிவிடுகிறேன்.