ஆமை ஓட்டில் பூசிய புட்டி

மாத்தளைக்குப் பக்கத்தில் பலாபத்வலயில் மெயின் ரோட்டை ஒட்டி எனக்கு ஒரு கராஜ் இருக்கிறது. இன்ஜின் வேலையெல்லாம் செய்வதில்லை. நசுங்கியதை நிமிர்த்துவேன், உடைந்த பம்பரை பைபர் துணி வைத்து ஒட்டுவேன், பெயின்ட் அடிப்பேன். ஒட்டிய இடம் எது, காட்டு பார்க்கலாம் என்று வருகிறவர்களிடம் சவால் விடுகிற ஆள் நான். கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

மழை பிடித்திருந்த ஒரு காலையில், வேலை முடித்த வேனை ஓட்டிப் பார்க்கப் போனேன். வயல் பக்கமிருந்து கறுப்பு ஆமை ஒன்று ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது. கல் என்று நினைத்துவிட்டேன். சக்கரத்தின் ஓரம் தட்டி, அது சுழன்றுபோய் ரோட்டு விளிம்பில் விழுந்தது. மழைக்காலத்தில் இந்த ரோட்டில் ஆமைகள் நசுங்கிக் கிடப்பது வழக்கம்தான். எத்தனையோ முறை விலக்கி ஓட்டிப் போயிருக்கிறேன். இந்த முறை இடித்தது நான் என்பதால் இறங்கினேன். முதுகோட்டில் என் நடுவிரல் நீளத்துக்கு வெடிப்பு. ரத்தம் கசிந்தது, கால்கள் அசைந்தன. இதைப் பிழைக்க வைக்காவிட்டால் எனக்கு மனசு ஆறாது என்று தோன்றியது.

கராஜுக்குக் கொண்டுவந்தேன். மனைவி பார்த்துவிட்டு, "ஏங்க, மாத்தளைக்குக் கொண்டுபோயி மிருக டாக்டர்கிட்ட காட்டுங்க," என்றாள்.

"டாக்டரு என்ன செய்யப்போறாரு? ஓடு ஒடஞ்சா அது நம்ம வேலதானே," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

ஒட்டுகிற ரெசின் பசை நன்றாகப் பிடிக்க வேண்டுமென்று வெடிப்பின் ஓரங்களை சாண்ட் பேப்பரால் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க அது தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. வெட்கப்படுகிறது என்று சிரித்தேன். பைபர் வைத்து, ரெசின் ஊற்றி, மேலே பள்ளம் நிரப்புகிற புட்டி பூசி மட்டம் பண்ணினேன். கடைசியில் கறுப்புப் பெயின்டும் அடித்தேன். அன்று வந்த லொறிக்காரர் ஒருவர் குனிந்து பார்த்து, "பாஸ், புதுசு மாதிரியே இருக்கே," என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு பெரிய பேசினில் தண்ணீர் விட்டு அதில் போட்டு வைத்தேன். கங்குங் கீரை போட்டேன், சோறு போட்டேன். எதையும் தொடவில்லை. பயந்திருக்கிறது, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றேன். அடுத்த வாரம் கிட்டப் போனாலே ஒரு வாடை வந்தது. பெயின்ட் வாடை என்று சமாளித்தேன்.

"இல்லங்க. இது அழுகுற வாடை," என்றாள் மனைவி.

அட்டைப்பெட்டியில் வைத்து இருவரும் மாத்தளைக்குப் போனோம். மிருக வைத்தியர் ஒரு சிங்களப் பெண், என் மகள் வயது இருக்கும். புட்டியின் ஓரத்தை மெல்ல நெம்பி எடுத்தார். உள்ளே முழுக்கச் சீழ். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

காயத்தை மூடியிருக்கவே கூடாது என்றார். கொதிக்கவைத்து ஆறவைத்த உப்புத் தண்ணீரால் மெதுவாகக் கழுவி, சுத்தமான துணி விரித்த பெட்டியில் ஈரமில்லாமல் வைத்து, சாப்பாடு எதுவும் திணிக்காமல் அன்றைக்கே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருக்கும். காயம் ஆறியபின் எடுத்த இடத்திலேயே, அது போய்க்கொண்டிருந்த பக்கமாக விட்டிருக்கலாம். இனி ஊசி போட்டு வேதனையை முடிப்பதைத் தவிர வழியில்லை என்றார்.

ஊசி போட்ட பிறகு, "யார் இந்த வேலையைச் செய்தது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

மனைவி என்னைப் பார்த்தாள்.

"தெரியாது, ரோட்டில் இப்படியேதான் கிடந்தது," என்றேன்.

"ஆளைக் கண்டுபிடித்தால் சொல்லுங்கள். ஆமை ஓடு தகரம் இல்லை, உயிருள்ள எலும்பு. தேய்த்தபோதெல்லாம் அதற்கு வலித்திருக்கும்."

சொல்கிறேன் என்றேன்.