அண்ணி கொண்டுவந்த விரால்

வயிற்றில் கத்தி வைத்துவிட்டால் விரால் சூப் வைக்காத வீடு எங்கள் பக்கம் கிடையாது. புண் சீக்கிரம் ஆறுமாம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் ஆனபோது, காவேரிப்பாக்கத்திலிருந்து அவருடைய அக்கா, எனக்கு அண்ணி, தினமும் பஸ் ஏறி பாகாயத்தில் எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவந்தார். அண்ணியின் கணவர் அங்கே ஏரியில் வலை போடுபவர். இவருக்கோ அந்த சூப்பைத் தவிர வேறெதுவும் தொண்டையில் இறங்கவில்லை.

விராலைத் தண்ணீரில் உயிரோடு கொண்டுவந்து, வீட்டில்தான் சாம்பல் போட்டுத் தேய்த்து அறுப்பது வழக்கம். அண்ணியோ தோலுரித்து, துண்டு போட்டு, மஞ்சள் தடவித் தூக்கில் கொண்டுவந்தார். நான் நர்ஸ். நாளெல்லாம் ஊரார் புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டு வருகிறவளுக்கு மீன் கழுவும் வேலை மிச்சம் என்று சந்தோஷம். புத்தி கெட்ட சந்தோஷம்!

நாலாம் நாள் எனக்கு லீவு. அண்ணிக்கு அலைச்சல் வேண்டாமென்று நானே ஏரிக்குப் போனேன். கரையெல்லாம் விரால் செத்து ஒதுங்கிக் கிடந்தது. சீ, கர்மம்! உடம்பெல்லாம் நாலணாக் காசு அகலத்துக்குச் சிவந்த குழிகள். சிலதுக்கு வால் அழுகி முள் தெரிந்தது. ஒன்று இன்னும் வாயைத் திறந்து திறந்து மூடியது; அதற்கு மண்டையில் பாதியைக் காணோம். இத்தனை வருஷம் சீழைப் பார்த்தவள், அங்கேயே குந்தி வாந்தி எடுத்தேன்.

"ஏதோ வைரஸாம்மா, பேப்பர்ல போட்டுருக்கான். எவனும் மீனே வாங்கறதில்ல" என்றார் கரையில் நின்ற ஒருவர்.

நேரே அண்ணி வீட்டுக்குப் போய்க் கத்தினேன். "இன்னா அண்ணி இது? தையல் பிரிக்காத மனுஷனுக்கு இந்த அழுகலையா குடுத்தீங்க?"

அண்ணியின் முகம் செத்துப்போயிற்று. "ஐயோ, தம்பிக்குப் போய் அப்படிச் செய்வனா? பத்து மீனைப் புரட்டிப் பாத்து, புண்ணே இல்லாத ஒண்ணத்தான் எடுத்தேன். தோலை உரிச்சுக்கூடப் பாத்துட்டேன்."

"அப்போ மிச்சம்?"

அடுப்பில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவருடைய மூன்று பிள்ளைகளும் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"மீனுதான் விக்கல இல்ல" என்றார் அண்ணி, என் முகத்தைப் பார்க்காமல். "புண்ண மட்டும் அறுத்துப் போட்டுட்டு நாங்க துண்றோம்."

எப்போது போனாலும் ஒரு வாய் சாப்பிட வைக்காமல் அனுப்பாதவர் அவர். அன்று என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை.