பூகோள வாத்தியார் வீட்டுச் சாரல்

என் வீட்டுக்காரர் தென்காசியில் பூகோள வாத்தியார். நாங்கள் குடியிருந்தது மேலகரத்தில், தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குப் போகிற பாதையிலேயே. இப்படி ஓர் இடத்தில் வீடு பார்க்கிறவர் பூகோளம் படித்து என்ன பிரயோசனம் என்று அந்தக் காலத்திலேயே நான் கேட்டிருக்கிறேன்.

ஆனி பிறந்தால் போதும். மெட்ராஸ், மதுரை, திருச்சி என்று இருக்கிற சொந்தக்காரர்களெல்லாம் "சாரல் விழுந்தாச்சா?" என்று கார்டு போடுவார்கள். இவர் உட்கார்ந்து, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, மேகம் மலையில் எதுவரை இறங்கியிருக்கிறது, பெரிய அருவியில் தண்ணீர் எப்படி விழுகிறது என்று நுணுக்கி நுணுக்கி எழுதிப் போடுவார். கார்டு கிடைத்த கையோடு அவர்கள் பெட்டி படுக்கையுடன் வந்து இறங்கிவிடுவார்கள்.

"ஓர் இடம் எப்படியோ அப்படித்தான் அங்கே இருக்கிறவர்கள் பிழைப்பும். பூகோளம் என்றால் அவ்வளவுதான்" என்பார் இவர். வாஸ்தவம்தான். மலையில் கணவாய் இருப்பதால் காற்று வருகிறது; காற்றால் சாரல், சாரலால் அருவி, அருவியால் சொந்தக்காரர்கள். சொந்தக்காரர்களால் என் அடுப்பு ஆவணி வரை அணைவதில்லை.

அந்த வருஷம் எனக்கு ஒரு சங்கடம். கல்யாணத்தால் நின்றுபோன படிப்பை மறுபடி பிடித்து எஸ்.எஸ்.எல்.சி. எழுதியிருந்தேன். மற்றதெல்லாம் தேறி, பூகோளத்தில் கோட்டை விட்டுவிட்டேன். செப்டம்பரில் திரும்ப எழுதித் தேறினால் டீச்சர் டிரெயினிங்குக்கு மனுப் போடலாம். அதை விட்டால் வயசு வரம்பு தாண்டிவிடும். பூகோள வாத்தியார் பெண்டாட்டி பூகோளத்தில் பெயில் என்று யாரிடம் சொல்வது? இருவரும் வாயைத் திறக்கவில்லை.

"இந்த வருஷம் மட்டும் அருவியில தண்ணி இல்லன்னு எழுதிருங்களேன்" என்று கெஞ்சினேன்.

"பூகோளம் படிச்சவன் மழையப் பத்திப் பொய் எழுதலாமா?"

"அப்ப எனக்கு மஞ்சக்காமாலைன்னு எழுதுங்க."

"நல்லா இருக்கே! வராதவங்களும் பாக்க வந்துருவாவ."

கடைசியில் உண்மையைத்தான் எழுதினார். இவருடைய அக்கா, எனக்கு மதினி, மெட்ராஸிலிருந்து தன் குடும்பத்தோடு பக்கத்து வீட்டுக் குடும்பத்தையும் சேர்த்து அழைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

ஒருநாள் காலையில் எல்லாரும் அருவிக்குப் போக எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஆட்டுரலில் மாவு ஆட்டியபடி காவிரியின் துணையாறுகளை உருப்போட்டுக்கொண்டிருந்தேன். ஹேமாவதி, கபினி, பவானி என்று வந்து அதற்கு மேல் ஓடவில்லை. பின்னால் மதினி நின்றார்.

"என்னட்டி முணுமுணுக்க? எங்களையா வையுத?"

இல்லவே இல்லை என்றேன். மதினி விடவில்லை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பெயிலானதிலிருந்து மஞ்சள்காமாலை வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

மதினி சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "இத வந்தன்னைக்கே சொல்லுததுக்கு என்னட்டி கேடு? அஞ்சாங் கிளாஸ்ல நான்தான் மொதல் மார்க்கு. அதோட பள்ளிக்கூடத்த நிப்பாட்டிட்டாவ. எந்திரி, அங்கன ரூம்ல போயிக் கதவச் சாத்திட்டுப் படி" என்று குழவியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

அப்புறம் தம்பியைக் கூப்பிட்டார். "ஏலே, இவங்க எல்லாத்தையும் கூட்டிட்டுப் போ. பொழுது சாயுறதுக்கு முன்னால ஒருத்தரும் இங்கன வரப்பிடாது."

இவருக்கு அது கரும்பு தின்னக் கூலி. ஒவ்வோர் அருவியிலும் பாறை, காற்று, கணவாய் என்று பாடம் நடத்தியிருக்கிறார். தப்பிப்பதற்காகவே பிள்ளைகள் தண்ணீருக்குள் ஓடினார்களாம். மதினி ஊர் திரும்பும்வரை தினமும் இதே ஏற்பாடுதான்.

நான் தேறினேன். டிரெயினிங் முடித்து, பல வருஷம் நானும் பூகோளம் நடத்தினேன். அருவிக்காகவே அவ்வளவு தூரம் ரயிலேறி வந்த மதினி, அந்தத் தடவை ஒருநாள்கூட அருவிப் பக்கம் போகவில்லை. எங்கள் கொல்லைக் கிணற்றில் இறைத்துத்தான் குளித்தார்.